ஊசி துள்ளியது யாருக்கு

சாய்ந்தமருது,
1983 ஒக்டோபர் 9

மகன் முனாபுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். பக்கத்தில் இருந்துகொண்டு உன் உம்மா, "பொய் எழுதாதீங்க, புள்ள அங்க நம்பிட்டு இரிப்பான்" என்கிறாள். ஆகவே உள்ளதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன் நான். பிழை இருந்தால் ஒரு தரம் படித்தவர்களிடம் கேட்டுத் திருத்திக்கொள்.

நான் விழுந்ததை உன் ராத்தா பரீனா எழுதியிருப்பாள். சம்மாந்துறை றோட்டில், டிரக்டர் பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு மேலே ராசா மாதிரி வந்துகொண்டிருந்தேன். ஒரு பள்ளம் வந்தது. மூட்டைகள் பெட்டியில் இருந்தன, ராசா றோட்டில் கிடந்தார். ஆஸ்பத்திரியில் தலைக்குத் தையல் போட்டார்கள். இப்போது கை கால் சரி, கண் சரி, பேச்சும் சரி. பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்று உம்மா துஆக் கேட்டாளாம். அது கபூலாகவில்லை.

போனது ஒன்றே ஒன்றுதான். மனிசரின் முகம். கண் தெரிகிறது, மூக்குத் தெரிகிறது, தாடி தெரிகிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஆள் வரவில்லை. வாய் திறந்தால் உடனே தெரிந்துவிடும். வாய் திறக்காதவர்கள் எல்லோரும் எனக்கு வெளியூர்க்காரர். முகம் மழிக்கப் போய்க் கண்ணாடியைப் பார்த்தால் உள்ளே ஒரு கிழவன் நிற்கிறான். ஸலாம் சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை வேலியோரம் நின்ற பொம்பளையைப் பார்த்து, "என்னடி, இன்னும் உல வெக்கல்லியா?" என்று சத்தம் போட்டேன். அது அடுத்த வீட்டு றாஹிலா. அவளுடைய மாப்பிள்ளை எனக்கு மச்சான் முறை என்பதால் பல் தப்பியது. அதற்குப் பிறகு உம்மா என் முன்னால் வரும்போதெல்லாம் செருமிக்கொண்டுதான் வருவாள். அவளுக்கு நெஞ்சு வருத்தமும் கூடியிருக்கிறது. செருமுவது எனக்காகவா வருத்தத்தாலா என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

ஒரு புதினம். பட்டிக்குப் போனேன். மாடு பார்க்கிற முகைதீன்பாவாவை "நீங்க ஆரு?" என்று கேட்டேன், அவன் அழுதுவிட்டான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற எருமையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், வந்தது. ஒரு மாட்டைக்கூட மாறிக் கூப்பிடவில்லை. மனிசருடைய மூளையைப் பற்றித்தானே நீ அங்கே படிக்கிறாய், இது என்ன கூத்து என்று எழுது.

உம்மா உன்னைப் பார்க்கவேண்டும் என்கிறாள். எப்போது வருகிறாய் என்பதையும் எழுது.

வாப்பா

*

இங்கிலாந்து,
1983 நவம்பர் 2

அன்புள்ள வாப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கவலையாக இருந்தது என்றுதான் எழுதவேண்டும். கவலையாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், பட்டி மாடுகளைப் பற்றிய பந்தி என்னைத் தூங்கவிடவில்லை.

இங்கே இரண்டு கட்சிகள் உண்டு. மூளைக்குள் முகத்துக்கென்றே தனியாக ஓர் இடம் இருக்கிறது, அது கெட்டால் முகம் மட்டும் போகும் என்பது ஒரு கட்சி. என் பேராசிரியர் மிஸஸ் வெல்பி அந்தக் கட்சி. தனியிடம் ஒன்றும் இல்லை, ஒன்றைப்போல ஒன்று இருக்கும் எதையும் பிரித்தறிகிற பொதுத் திறமைதான் இருக்கிறது, முகம் அதில் கஷ்டமானது, அவ்வளவுதான் என்பது மற்றக் கட்சி. அவர்கள் சொல்வது சரியென்றால் மனிதரின் முகத்தை இழந்தவருக்கு மாட்டின் முகமும் போயிருக்க வேண்டும். உங்களுக்குப் போகவில்லை. வாப்பா, இப்படிப்பட்ட ஆட்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

ஆகவே ஒரு பரிசோதனை செய்துதர வேண்டும். மாடுகளின் உடம்பையும் சுட்ட குறியையும் கொம்பையும் சாக்கால் மூடி முகத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் பெயர்களை ராத்தா எழுதட்டும். பிறகு பெண்கள் சிலரை நிறுத்துங்கள். உம்மாவும் அவர்களுள் நிற்கவேண்டும். யாரும் பேசக்கூடாது, செருமக்கூடாது, வளையல் கழற்றிவிட வேண்டும். எது உம்மா என்று நீங்கள் சொல்லவேண்டும்.

உம்மாவை மருந்தை ஒழுங்காக எடுக்கச் சொல்லுங்கள். படிப்பு நடுவில் இருப்பதால் இப்போது வருவது கஷ்டம்.

முனாப்

*

சாய்ந்தமருது,
1984 ஜனவரி 15

மகன் முனாபுக்கு,

நீ கேட்டபடியே எல்லாம் செய்தாயிற்று.

மாடுகளுக்குச் சாக்குப் போர்த்தினோம். கொம்புக்கும் சாக்கு. வாய்க்கால் கட்டில் சனம் கூடிவிட்டது. "சீனிமுகம்மதுக்கு விழுந்ததில தல மட்டுமில்ல, எல்லாம் கழண்டிட்டுது" என்று ஒருவர் சொன்னார். குரலை வைத்து ஆளைப் பிடித்துவிட்டேன், பேரைச் சொல்லி ஏசினேன், சனம் சிரித்தது. மாடுகளின் பேரில் ஒன்றும் பிழைபோகவில்லை. ஒரு எருமை மட்டும் தன் சாக்கைத் தின்றுவிட்டது. அதையும் ஆராய்ச்சியில் எழுதவேண்டுமா?

மறுகா பொம்பளைகள். உம்மா, அவளுடைய தங்கச்சி மைமூனா, றாஹிலா. முக்காடு போட்டு மூன்று பேரும் சுவரோடு நின்றார்கள். உம்மாவுக்கு இப்போது மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும், உனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் நான் பிடித்துவிடுவேன் என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நீ பேசக்கூடாது, செருமக்கூடாது என்று எழுதியதை அவள் வேத வாக்கியம்போல எடுத்துக்கொண்டாள்.

நான் மைமூனாவைக் காட்டினேன்.

றாஹிலா சிரித்துவிட்டாள். உம்மா சிரிக்கவில்லை. "இத்தன வருஷம் ஆக்கிப் போட்டன். மாட்டத் தெரியுது, என்னத் தெரியல்ல" என்றாள். அதுக்குப் பிறகு பொழுதுபடும்வரை அவள் என்னோடு கதைக்கவில்லை. அவள் கதைக்காமல் விட்டால் எனக்கு வீட்டில் பெண்டாட்டியே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். எங்கே கையை வைத்தால் நோகும் என்று தெரிந்து வைக்கிறவர்கள் பொம்பளைகள்தான்.

இதை இனிமேல் கேட்காதே. மற்ற எதைக் கேட்டாலும் செய்கிறேன். மாட்டை வேண்டுமானால் சேலை உடுத்திக் காட்டுகிறேன்.

உம்மா சொல்லச் சொன்னது: "அவன வந்து பாக்கச் சொல்லுங்க. அவனுக்காவது என்ட முகம் தெரியட்டும்."

வாப்பா

*

இங்கிலாந்து,
1984 மார்ச் 6

அன்புள்ள வாப்பா,

நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்பதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. மிஸஸ் வெல்பி உங்கள் கடிதத்தை என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு கூட்டத்தில் வாசித்தார். எருமையை அறிந்து மனைவியை அறியாத மனிதர் என்றதும் மண்டபம் முழுவதும் சிரித்தது. கெட்ட சிரிப்பு அல்ல. நானும் சிரித்தேன். கட்டுரையில் உங்கள் பெயர் வராது, 'எஸ்' என்றுதான் இருக்கும்.

மற்றக் கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, இந்த மனிதர் சிறு வயதிலிருந்து மாடுகளோடு பழகியவர், அது வேறு விதமான அறிவு என்றார். ஆகவே அந்தச் சண்டை முடியவில்லை. இப்போது புதிதாக இன்னொரு கேள்வி கிளம்பியிருக்கிறது. முகத்தை மனம் அறியாவிட்டாலும் உடம்பு அறிகிறதா? வேண்டியவரின் முகத்தைக் கண்டால் விரல் நுனியில் நமக்கே தெரியாமல் வியர்வை கசிகிறது. ஓர் இயந்திரம் அதைப் பிடிக்கும், காகிதத்தில் ஊசி துள்ளும். ஆள் யாரென்று தெரியாது என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊசி துள்ளினால், முகம் உள்ளே எங்கேயோ இருக்கிறது, கதவுதான் பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

இதை உங்களிடம் செய்துபார்க்க பேராசிரியர் விரும்புகிறார். பணம் கிடைத்தால் அவரே வருவார். சம்மதமா?

உம்மாவைத் தேற்றுங்கள். இந்த ஆராய்ச்சி அவருக்காகவும்தான் என்று சொல்லுங்கள்.

முனாப்

*

சாய்ந்தமருது,
1985 மே 20

மகன்,

கடிதம் பிந்திவிட்டது. ஊர் நிலைமை நீ கேள்விப்பட்டிருப்பாய். பக்கத்து ஊரோடு கதவு திறந்து கிடந்த வேலியெல்லாம் இப்போது அடைத்துக் கிடக்கிறது. சென்றியில் ஒரு ஆமிக்காரன் போட்டோவைக் காட்டி, தெரியுமா என்றான். "எனக்கி என்ட மூஞ்சியே தெரியா மாத்தயா" என்றேன். உண்மையைச் சொன்னதற்கு அறை வாங்கினவன் இந்தக் கிழக்கு மாகாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இனி யார் அடித்தான் என்று கேட்டால் அதையும் சொல்ல முடியாது, முகம் தெரியாதே.

உம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருந்தபடிதான் தூங்குகிறாள். டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "ஆரயாச்சும் பாக்க ஆசப்பட்டா வரச் சொல்லுங்க" என்றார். அவள் ஆசைப்படுவது ஒரு ஆளைத்தான்.

சட்டம் போட்ட உன் பள்ளிக்கூடப் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு, "இது ஆரு சொல்லுங்க பாப்பம்?" என்று என்னைக் கேட்கிறாள். "முனாப்" என்கிறேன். பெரிய சந்தோசம் அவளுக்கு. வீட்டில் சட்டம் போட்ட போட்டோ அது ஒன்றுதான் என்பது அவளுக்கு மறந்துவிடுகிறது.

இயந்திரத்துக்கு நான் சம்மதம். அந்த மிஸஸோடு நீயும் வா.

வாப்பா

*

இங்கிலாந்து,
1985 ஜூன் 18

அன்புள்ள வாப்பா,

பணம் கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் மிஸஸ் வெல்பி வருகிறார். ஓர் உதவியாளும் வருவார், வாய் பேச முடியாதவர், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். தமிழில் விளக்கப் பெரியநீலாவணையில் இருந்து தங்கேஸ்வரி என்ற ஆங்கில ஆசிரியை ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறார். கல்முனையில் ஓர் அறை எடுத்திருக்கிறார்கள்.

நான் வர முடியாது. இரண்டு பேருக்குத்தான் பணம்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு கட்டாயம் வருவேன். உம்மாவிடம் அப்படிச் சொல்லுங்கள்.

முனாப்

*

சாய்ந்தமருது,
1985 செப்டெம்பர் 1

மகன் முனாபுக்கு,

உன் ஆட்கள் வந்து போனார்கள். நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன், ஆராய்ச்சிக்கு உதவும்.

பஸ்ஸில் கல்முனைக்குப் போனேன். அஸர் தொழுகைக்கு நேரம் நெருங்கியிருந்ததால் பள்ளியில் கைகால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு, சோதனை முடிந்ததும் தொழலாம் என்று அறைக்குள் போனேன். மிஸஸ் வெல்பி நல்ல மனுசி. சிரித்துக்கொண்டே என் விரலில் வயரைக் கட்டக் கையைப் பிடிக்க வந்தா. நான் கையைப் பின்னால் இழுத்துவிட்டேன். தங்கேஸ்வரி டீச்சர் பயந்து, "என்ன ஐயா, நோகாது" என்றார். "நோவுக்கில்ல டீச்சர். அன்னியப் பொம்பளைட கை பட்டா ஒளு முறிஞ்சி போயிடும்" என்றேன். "அப்ப நான் கட்டட்டா?" என்றார். "நீங்களும் பொம்பளதானே, டீச்சர்!" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதை இங்கிலீசில் சொல்ல ஒரு பாடு பட்டார்.

கடைசியில் அந்த ஊமைப் பொடியன்தான் வந்து கட்டினான். நீலச் சேட்டுப் போட்டிருந்தான். பாவம், வெளிநாட்டுப் படிப்புப் படிப்பவன், வயரை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினான்.

பிறகு ஒவ்வொருவராக வந்து என் முன்னால் கதிரையில் இருந்தார்கள். யார் யாரோ. "தெரியுமா?" என்று டீச்சர் கேட்பார். "தெரியா" என்பேன். ஊமைப் பொடியனும் வந்து இருந்தான். அவனையும் தெரியாது என்றேன். மிஸஸ் காகிதத்தைப் பார்த்து, பெருநாள் பிறை கண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தா என்று டீச்சர் சொன்னார்.

உனக்குக் கொடுக்கச் சொல்லி உம்மா தேங்காய்ப்பால் விட்டுத் தொதல் கிண்டித் தந்திருந்தாள். அடுப்படியில் இருந்துகொண்டே கிண்டினாள், நிற்க முடியாது. பரீனா கிண்டுகிறேன் என்றாள், விடவில்லை. அந்தப் பார்சலை ஊமைப் பொடியன் கையில் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

அவனுக்கும் எங்கேயோ ஒரு உம்மா இருப்பாள்தானே. பக்கத்தில் என்றால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டுப் போ மகன் என்று சொல்ல வாய் வந்தது. ஊமைக்குக் காது கேட்குமோ கேட்காதோ என்று விட்டுவிட்டேன்.

தொதல் கிடைத்ததா என்று உம்மாவுக்குத் தனியாக எழுது. நாளைக் கடத்தாதே.

வாப்பா

*

இங்கிலாந்து,
1985 நவம்பர் 10

அன்புள்ள வாப்பா,

உங்களுக்கு ஒரு பெரிய சந்தோசச் செய்தி. கட்டுரை அச்சுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. இனிமேல் எல்லாவற்றையும் சொல்லலாம்.

அந்த ஊமை உதவியாள் நான்தான்.

கோபப்பட வேண்டாம், முழுவதையும் வாசியுங்கள். உங்களுக்கு மிக நெருங்கிய ஒருவரின் முகம் வேண்டியிருந்தது. அவர் அங்கே வரக்கூடும் என்ற எண்ணமே உங்களுக்கு இருக்கக்கூடாது. உம்மாவால் பஸ் ஏற முடியாது. ராத்தா உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர், நடையை வைத்தே கண்டுவிடுவீர்கள். கடல் கடந்து இருப்பதாக நீங்கள் நம்பும் மகனை விடப் பொருத்தமான ஆள் யார்? குரலால் கண்டுவிடுவீர்கள் என்பதால் ஊமையாக வந்தேன்.

முன்பின் தெரியாதவர்கள் முன்னால் இருந்தபோது ஊசி செத்துக் கிடந்தது. நான் வந்து இருந்தேன். தெரியாது என்றீர்கள். ஊசி துள்ளியது, வாப்பா! காகிதத்தின் விளிம்புவரை துள்ளியது. நீங்கள் என்னை அறியவில்லை, ஆனால் உங்கள் உடம்பு என்னை அறிந்தது. இதைவிட ஒரு மகனுக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். மிஸஸ் வெல்பியின் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வராததைப் பற்றி. வந்திருந்தால் ஊர் முழுவதும் தெரிந்திருக்கும், நீங்கள் முன்பே அறிந்திருந்தீர்கள் என்று மற்றக் கட்சி சொல்லியிருக்கும். சோதனை முடிந்த பிறகு வரலாம்தான். பேராசிரியர் காரைத் தயாராக வைத்திருந்தார், கொழும்பில் விமானம் காத்திருந்தது. சாய்ந்தமருதைத் தாண்டும்போது கார்க் கண்ணாடியால் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையைப் பார்த்தேன். உம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம், தாங்கமாட்டார். அடுத்த ஆண்டு வந்து நானே சொல்கிறேன்.

தொதல் நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.

முனாப்

*

சாய்ந்தமருது,
1985 டிசெம்பர் 4

முனாப்,

உம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று எழுதியிருந்தாய். சொல்லவில்லை. உன் கடிதம் வந்தபோது வீட்டில் அவளுக்குக் கத்தம் ஓதிக்கொண்டிருந்தோம்.

தந்தி கிடைத்திருக்கும். நீ வந்து சேரும்வரை மையித்தை வைத்துக்கொண்டிருக்கிற ஆட்கள் இல்லை நாங்கள். விடியற்காலை சுபஹுக்குப் போனாள், பகல் ழுஹருக்கு அடக்கினோம். அதனால் வராததற்கு உன்னைக் குறை சொல்ல முடியாது. வந்துவிட்டு வராததைத்தான் கேட்கவேண்டும்.

நீ சந்தோசச் செய்தி எழுதினாய். நானும் ஒன்று எழுதவேண்டும். அந்த அறையில் நீ என்று எனக்குத் தெரியும்.

முகத்தால் இல்லை. முகம் யாருடையதோ. நீ வயர் கட்டுவதற்கு என் கையைப் பிடித்தாய். உள்ளங்கை நனைந்திருந்தது. சின்னதில் இருந்தே உனக்கு அப்படித்தான். சோதனை எழுதப் போனால் தாள் ஊறிவிடும், உம்மா லேஞ்சித் துணியைக் கையில் சுற்றி அனுப்புவாள். அந்தக் கையைப் பிடித்து உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான். அந்த மிஸஸ் கட்டியிருந்தால் உன் ஆராய்ச்சி பிழைத்திருக்கும். என் ஒளுதான் கெடுத்தது.

வாயைத் திறந்து "மனே" என்று சொல்லியிருக்கலாம். என் பிள்ளை கடல் தாண்டி ஊமையாக வந்திருக்கிறான், ஏதோ பெரிய காரியம், நான் வாயைத் திறந்தால் கெட்டுவிடும், முடியட்டும், என்னோடு வீட்டுக்கு வருவான் என்று நினைத்தேன். நீலச் சேட்டு எப்போது முன்னால் வந்து இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் ஊசி அதற்குத்தான் துள்ளியது.

முடிந்ததும் வாசலில் நின்றேன். நீ காரில் ஏறினாய். சாமான் ஏற்றுகிறாய் என்று நினைத்தேன். கார் போனதும், பின்னால் வருவாய் என்று நினைத்தேன். எட்டாம் வகுப்பு இரண்டு தரம் படித்தவனுக்கு எதுவும் இரண்டு தரம் நடந்தால்தான் விளங்கும். சந்தையில் பெரிய பாரை மீன் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து பரீனாவிடம் கொடுத்து, ஒரு ஆள் கூட வரும், சோறு போடு என்றேன். "ஆரு வாப்பா?" என்றாள். "மாடு பாக்க ஒராள்" என்றேன். வேலிக் கடப்படியில் போய் இருந்துகொண்டேன். மஃரிப் ஆயிற்று, இருட்டி இஷாவும் ஆயிற்று.

உம்மா கூப்பிட்டாள். "தொதலக் குடுத்தீங்களா?"

"குடுத்தன்."

"ஆருட்ட?"

"ஒரு ஊமைப் பொடியன்ட்ட."

"அல்லாஹ்வே, ஊமை எப்பிடிச் சொல்லுவான், உம்மா தந்த எண்டு?" என்றாள்.

அவளுக்குச் சொல்லிவிடலாமா என்று அன்றைக்கும் அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்து போய்விட்டான் என்பதைவிட வரவில்லை என்பது நல்லது என்று விட்டேன். கடைசிவரை, அடுத்த வருஷம் வருவான் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி உன் படிப்புக்கு உதவும் ஒரு சங்கதி. கபன் துணி சுற்றி முடித்து, முகம் பார்க்கிறவர்கள் வந்து பாருங்கள் என்றார்கள். எனக்கும் விலத்தி இடம் விட்டார்கள். குனிந்து பார்த்தேன். யாரோ ஒரு பொம்பளை படுத்துக் கிடந்தாள். கண் மூடியிருந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் இல்லை, செருமல் இல்லை. மாறிப் போய் வேறு வீட்டுக்குள் வந்துவிட்டேனோ என்று ஒரு பயம். பரீனாவின் காதில், "இது உம்மாதானா?" என்று கேட்டேன். அவள் போட்ட சத்தத்தை ஊர் வேறு விதமாக விளங்கிக்கொண்டது.

அவளுக்காக அழவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்து அழ முடியவில்லை. அடுப்படியில் போய் இருந்து, அவள் சத்தத்தை ஞாபகப்படுத்திக்கொண்டு அழுதேன். முகத்துக்கென்று மூளையில் ஓர் இடம் இருந்தால், உன்னுடையது நல்லபடி இருக்கிறது. அன்றைக்கு அதை இங்கே யாருக்காவது கடன் கொடுத்திருக்கலாம்.

வாப்பா

*

இங்கிலாந்து,
1986 ஜனவரி 7

அன்புள்ள வாப்பா,

உம்மாவின் செய்தி என்னை உடைத்துவிட்டது. இன்னாலில்லாஹி. எழுத வார்த்தை இல்லை, ஆகவே எழுதாமல் விடுகிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு விடயம் இருக்கிறது, அதைத் தள்ளிப்போட முடியாது. நீங்கள் அறிந்தது நிச்சயமாக வயர் கட்டும்போதா? அல்லது பிறகு யோசித்துப் பார்க்கையில் அப்படித் தோன்றுகிறதா? கவலையில் இருக்கும் ஒருவருக்கு முன்னே நடந்தது பின்னே நடந்ததாகவும் பின்னே நடந்தது முன்னே நடந்ததாகவும் படுவது சாதாரணம். இதைப் பற்றியே ஆய்வுகள் உண்டு. என் உள்ளங்கை வியர்ப்பது எனக்கே மறந்துபோன விடயம்.

கட்டுரை அச்சில் இருக்கிறது. மற்றக் கட்சிக்காரர், வயர் கட்டியவரும் முன்னால் இருந்தவரும் ஒரே ஆளா என்று கேட்டுப் பேராசிரியருக்கு எழுதியிருக்கிறார். நீங்கள் முன்பே அறிந்திருந்தால் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும், என் பட்டமும் போகும். உண்மையைச் சொன்னால் வாப்பா, தெரிந்துகொண்டு தெரியாது என்று சொன்னது நீங்கள். அறிவியலில் அதற்கு வேறு பெயர். உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

தங்கேஸ்வரி டீச்சருக்கு எழுதியிருக்கிறேன். அவர் வீட்டுக்கு வருவார். அந்த அறையில் என்னை நீங்கள் அறியவில்லை என்று சொல்லிக் கையொப்பமிட்டால் போதும். நீங்கள் எழுதிய கடிதத்தைப் பற்றி உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

உம்மா இருந்திருந்தால் என் படிப்பு வீணாவதை விரும்பியிருக்க மாட்டார்.

முனாப்

*

சாய்ந்தமருது,
1986 பெப்ரவரி 2

முனாபுக்கு,

தங்கேஸ்வரி டீச்சர் வந்தார். இரண்டு சென்றி தாண்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பரீனா தேத்தண்ணி கொடுத்தாள். டீச்சர் தாளை விரித்து வைத்துக்கொண்டு, "ஐயா, அண்டைக்கு அந்த அறைக்குள்ள வந்த ஆள் உங்கட மகன் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா?" என்று கேட்டார்.

"தெரியா" என்றேன்.

"வயர் கட்டக்குள்ள?"

"தெரியா."

"முன்னால வந்து இருக்கக்குள்ள?"

"தெரியா டீச்சர்."

பேனையை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பது தெரிந்தது. என்ன முகத்தோடு பார்த்தார் என்பது தெரியாது. "ஐயா, உண்மையாத்தானா? அண்டைக்கு நீங்க வாசல்ல நிண்டத நான் கண்டன்" என்றார். "வெயிலுக்கு நிண்டன்" என்றேன். அவர் இங்கிலீசில் எழுதினார், நான் ஒப்பம் வைத்தேன்.

கட்டுரையைத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. பட்டத்தை வாங்கு. மிஸஸ் வெல்பிக்கும் என் ஸலாம்.

நான் உன்னைக் காப்பாற்றப் பொய்ச் சாட்சி சொன்னதாக நினைக்காதே. பொய்ச் சாட்சிக்கு மறுமையில் என்ன கேள்வி என்று அறிந்தவன் நான். இரண்டு வாரம் யோசித்து, எங்கேயும் பொய் இல்லை என்று கண்டுதான் ஒப்பம் வைத்தேன். கையைத் தெரியும். அது என் பெண்டாட்டி ஹவ்வா உம்மா பெற்ற பிள்ளையின் கை, அதற்கு எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். ஆனால் அவள் கிண்டிய தொதலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அவள் இருந்த ஒழுங்கையைக் கார்க் கண்ணாடியால் பார்த்துக்கொண்டு போனானே, அவனை அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

நீ ஊருக்கு வந்தால் கடப்படியில் நின்று பேரைச் சொல். தெரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்.

சீனிமுகம்மது